உப்பு பட்ட வைக்கோல்

ஜட்கா வண்டியில் குலுங்கிப் போனவர்கள் நம்மில் இன்னும் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறோம்? முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கிற என் வயசுக்காரர்களுக்குத்தான் சொல்கிறேன். சின்னவர்களிடம் சொன்னால் "குதிரை வண்டியா, சூப்பர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அதில் ஏறினால் சாக்குக்கு அடியில் பரப்பிய வைக்கோல் குத்தும். முன்னால் ஆள் அதிகமானால் குதிரைக்குப் பாரம், பின்னால் அதிகமானால் வண்டியே தூக்கிக்கொள்ளும். "முன்ன வாங்க, பின்ன போங்க" என்று வண்டிக்காரர் நம்மை மூட்டை மாதிரி நகர்த்திக்கொண்டே வருவார். எங்கள் வீட்டில் அந்த வண்டிக்காரர் என் அப்பா.

எழுபதுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயசு இருக்கும். மரக்காணத்துக்கும் கூனிமேட்டுக்கும் நடுவே, உப்பளத்தை ஒட்டிய குப்பத்தில் எங்கள் வீடு. பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நடுவில் யாருக்காவது உடம்புக்கு வந்தால் மரக்காணத்து ஆஸ்பத்திரிக்குப் போக அப்பாவின் வண்டிதான். வண்டியை இழுத்தது ஒரு செம்பழுப்பு மட்டக்குதிரை. தலையைத் தூக்கிக்கொண்டு யாரையும் மதிக்காமல் நடக்கும் என்பதால் அதற்குத் தொரை என்று பெயர். அந்த ஒரு தை மாசத்திலிருந்து பங்குனி வரை எங்கள் வீட்டில் எல்லாரும் பயந்துகொண்டே சாப்பிட்டோம், பயந்துகொண்டே தூங்கினோம். நான் எல்லாரையும் விட அதிகமாகப் பயந்தேன்.

பயத்துக்குக் காரணம் என் சித்தி. அம்மாவுக்கு நேர் இளையவள். அதற்கு முந்தின ஐப்பசி மழையில் பிரசவ வலி எடுத்து, அப்பாவின் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே செத்துப்போனாள். குப்பத்திலிருந்து எங்கே போனாலும் உப்பளம் வழியாகப் போகிற அளத்து ரோடு ஒன்றுதான், அது அன்றைக்குச் சேறாகக் கிடந்தது. அப்போது தொரை ஒல்லி. சேற்றில் சக்கரம் மாட்டி, அது இழுத்து இழுத்துப் பார்த்து நின்றுவிட்டது. எழவு வீட்டில் யாரோ ஒரு ஆள், "குதிரைல சத்து இல்லப்பா, சத்து இருந்திருந்தா பொம்பள பொழைச்சிருப்பா" என்று சொன்னது அப்பா காதில் விழுந்தது. அந்த ஆள் அடுத்த வேளை அதை மறந்திருப்பான். அப்பா மறக்கவில்லை.

மறுநாளிலிருந்து தொரைக்கு ராஜ உபசாரம். காலையில் ஊறவைத்த கொள்ளு, மத்தியானம் தவிடும் புண்ணாக்கும், சாயங்காலம் மறுபடி கொள்ளு. நாங்கள் கஞ்சி குடித்த நாளில்கூட அதற்குக் கொள்ளு தப்பாது. மழைக்காலத்தில் சவாரியும் குறைவு. நின்ற இடத்தில் நின்று தின்றதில் அதன் முதுகு பலகை மாதிரி அகலமாகிவிட்டது, கழுத்தில் மடிப்பு விழுந்தது. பார்த்தவர்கள் எல்லாம் "சூப்பரா வச்சிருக்கியேப்பா" என்று தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்பாவுக்கு அப்போதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

வைக்கோல் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அளத்தில் குவித்து வைத்த உப்பு அம்பாரத்தை மழைக்கு முன்னால் மூடுவார்கள். வைக்கோலைப் பரப்பி, அதன் மேல் பனையோலை வேய்வார்கள். மழை முடிந்து அம்பாரத்தைப் பிரிக்கும்போது ஓலையை ஒருத்தர் எடுத்துப் போவார், வைக்கோலை அப்பா எடுத்து வந்து வீட்டுக்குப் பின்னால் போர் போட்டார். தொரைக்கு அதில் கொள்ளை ஆசை. உப்புக் கரிக்கிற வைக்கோல் இல்லையா, நக்கி நக்கித் தின்னும். "பழசாச்சே, மழை பட்டதாச்சே" என்று அம்மா ஒரு தடவை கேட்டாள். "உப்பு பட்டது கெட்டுப்போவுமா? மீனே கெடறதில்ல, வைக்கோலு கெட்டுடுமா?" என்றார் அப்பா. அளத்தில் வேலை செய்கிற யாரிடம் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். உப்பைத்தான் நாங்கள் நம்பினோம்.

தை மாசம் அக்காவுக்கு வளைகாப்பு. கீழ்புத்துப்பட்டில் அவள் மாமியார் வீடு. தலைப்பிரசவம், முறைப்படி எங்கள் வீட்டில்தான். வளைகாப்பு முடிந்து, இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையலோடு அவளை ஜட்காவில் ஏற்றிக்கொண்டு வந்தோம். அக்கா பச்சையும் சிவப்புமாக வளையலை ஆட்டிக் காட்டி என்னை வம்புக்கு இழுத்தபடியே வந்தாள். அளத்து மதகு தாண்டினதும் தொரை நின்றது. கழுத்தை நீட்டி இருமியது. நீங்கள் குதிரை இருமிக் கேட்டிருக்கிறீர்களா? வயிற்றின் அடியிலிருந்து வருகிற சத்தம். ஒன்று இருமி ஓய்ந்தது என்று நினைத்தால் இன்னொன்று. விலாப்பக்கம் உள்ளே போய் வெளியே வந்தது. அப்பா சாட்டையைக் கீழே வைத்துவிட்டு இறங்கி அதன் முகத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாடா, இன்னா தொரை, இன்னாடா ஆச்சி?"

அக்கா இறங்கி நடந்தாள். அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சித்தி செத்த இடம் அந்த மதகிலிருந்து கூப்பிடு தூரம். அக்காவின் வயிற்றைப் பார்த்தேன், குதிரையைப் பார்த்தேன். அக்காவுக்கு வலி வருகிற அன்றைக்கும் இது இப்படி நின்றால் என்ன ஆகும் என்று எல்லார் மனசிலும் ஓடியது. வாயைத் திறந்து சொல்லத்தான் ஒருத்தருக்கும் தைரியம் இல்லை.

அப்பா தன் வைத்தியத்தை ஆரம்பித்தார். இருமல் என்றால் சளி, சளி என்றால் குளிர்ச்சி. அதனால் கொஞ்சநஞ்சம் போட்டுவந்த பச்சைப்புல்லும் நின்றது. காய்ந்த வைக்கோல் மட்டும். கூடவே கொள்ளு இரட்டிப்பு. கொள்ளு உடம்புக்குச் சூடு, சளியை முறிக்கும், அதோடு கொழுப்பையும் கரைக்கும் என்று அவருக்குக் கணக்கு. அம்மா எங்களுக்கு வைத்த கொள்ளு ரசத்தில் அதற்கும் ஒரு வாளி போனது. தொரை இன்னும் பருத்தது, இன்னும் இருமியது.

மாசி மாசம் மரக்காணத்து மாட்டு டாக்டரிடம் மெதுவாக நடத்திக்கொண்டு போனோம். அவர் தொரையின் பக்கவாட்டில் விரலை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"ஏம்பா, இதுக்கு விலா எலும்பு இருக்குதா இல்லையா? நானும் தேடறேன், கையில சிக்க மாட்டேங்குது."

"நல்லா வச்சிருக்கேன் சார்," என்றார் அப்பா.

"நல்லாவா வச்சிருக்க? கெடுத்து வச்சிருக்க. கொள்ள நிறுத்து. வைக்கோல அலசி, நனைச்சுப் போடு. புல்லு குடு, அதுவும் அளவா. தண்ணியோரம் தளதளன்னு இருக்கிற புல்ல கட்டு கட்டாப் போட்டுடாத, இந்த உடம்புக்குக் குளம்பு வீங்கி நடக்க முடியாமப் பூடும். தெனமும் கொஞ்சம் நடத்து."

அப்பா தலையைத் தலையை ஆட்டினார். வெளியே வந்து நாலு தப்படி தாண்டியதும் ஆரம்பித்தார். "சளி புடிச்ச புள்ளைக்கு யாராவது இளநி குடுப்பாங்களா? இருமற குதிரைக்குப் புல்லு குடுன்றான். நனைச்சு வேற போடணுமாம். கொள்ளு கொழுப்பக் கரைக்கும்னு ஊருக்கே தெரியும், பேன்ட் போட்ட டாக்டருக்குத் தெரியல." அப்பாவும் டாக்டரும் இரண்டு விதமாகச் சொன்னால் யாரை நம்புவது? தப்பாக நம்பினால் சாகப்போவது அக்கா.

போரிலிருந்து வைக்கோல் பிடுங்கிப் போடுவது என் வேலை. ஒருநாள் சாயங்காலம் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு இருமல் வந்துவிட்டது, நிற்கவில்லை. அப்பா போருக்கு அந்தப் பக்கம் கடிவாள வாரைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"தொரை, சும்மா இருடா," என்று அங்கிருந்தே அதட்டினார்.

நான் மறுபடி இருமினேன். அப்பா எழுந்து வந்து பார்த்தார். தொரை கொட்டகையில் சும்மாதான் நின்றது. நான் கண்ணில் தண்ணீர் வழிய, முகமெல்லாம் கரியாக நின்றேன். அப்பா என்னைப் பார்த்தார், போரைப் பார்த்தார். தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டு ஒரு பிடி இழுத்தார். மேலே மஞ்சளாக இருந்த போர் உள்ளே பூசணம் பிடித்துக் கறுப்பு. உதறினதும் சாம்பல் மாதிரி ஒரு பொடி எழுந்து வெயிலில் நின்றது. அப்பாவும் இருமினார்.

"உப்பு பட்டது எப்பிடி கெடும்?" என்று கேட்டார். ஒன்பது வயசுப் பெண்ணிடம் கேட்டார். அவர் முகத்தில் அந்த மாதிரி பயத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பெரியவர்கள் பயப்பட்டால் பிள்ளைகளுக்கு நிற்க இடம் இல்லாமல் போகிறது. நான் அழுதுவிட்டேன். அப்பா இருட்டுவதற்குள் போர் முழுவதையும் பிடுங்கி, கழுவெளி ஏரிக் கரையில் கொண்டுபோய்க் கொட்டினார். டாக்டர் பேரை எடுக்கவில்லை. மறுநாள் காலையில் கொள்ளுப் பானை அடுப்பில் ஏறவில்லை.

அதன்பிறகு எங்கள் பிழைப்பே தீனி தேடுவதுதான். உப்பு மண்ணில் என்ன புல் முளைக்கும் சொல்லுங்கள். அளத்து வரப்பில் உமரி என்கிற உப்புச் செடி சிவந்து கொழுத்துக் கிடந்தது. அதைத் தின்றால் தொரை குடம் குடமாகத் தண்ணீர் குடித்தது, வயிறும் போயிற்று. கழுவெளியில் கோரை அறுத்து வந்தால் சம்பந்தி வீட்டுச் சாப்பாடு மாதிரி முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ஊருக்கு மேற்கே தாங்கல் என்று நாங்கள் சொல்லும் சின்ன நல்ல தண்ணீர் ஏரி ஒன்று. அதன் ஓரத்தில் இடுப்பு உயரப் புல், பச்சைப்பசேல் என்று. தொரைக்கு அதைப் பார்த்ததுமே வாயில் நுரை. டாக்டர் வேண்டாம் என்றது அதைத்தான். கடைசியில் தாங்கல் கரையின் மேட்டில், வெயிலில் பாதி வாடின அருகம்புல்தான் சரி என்று ஆயிற்று. வேரில் மண் இல்லாமல் தட்டி, அலசி, நிழலில் உலர்த்திக் கொடுப்போம். பசி அடங்க, புதுப் போர் வைக்கோல் கொஞ்சம், நனைத்துப் பிழிந்து. நனைக்க நல்ல தண்ணீர் மணல் ஊற்றிலிருந்து வர வேண்டும். "வூட்டுக்கு ஒரு குடம், குதிரைக்கு ரெண்டு குடம்" என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே சுமந்தாள்.

ஒவ்வொரு பிடியையும் நான் மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன். துளி பூசண வாடை வந்தாலும் தூக்கி எறிவேன். காலையில் எழுந்ததும் அதன் விலாவில் காதை வைத்துக் கேட்பேன். உள்ளே கரகரவென்று சத்தம் வந்தால் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் ஏறாது. இந்தப் புல்லை நான் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் அக்கா ரோட்டில் சாவாள் என்று நிஜமாகவே நம்பினேன். கனவில் சித்தி வந்தாள். புல் கட்டோடு மதகில் உட்கார்ந்திருந்தாள்.

அக்கா வாசலில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சிரிப்பாள். "ஏய் குட்டி, எனக்குக் கீரை ஆய்றதுக்குக்கூட இவ்ளோ பார்த்ததில்லடி நீ." அவளும் பருத்துக்கொண்டுதான் வந்தாள். மெட்டி இறுகி, எண்ணெய் போட்டுக் கழற்றினோம். முகம் உப்பி, கன்னம் மினுமினுவென்று இருந்தது. வளையல் மணிக்கட்டைப் பிடித்து, கழற்றினால் கண்ணாடிக்கு அடியில் பள்ளமாகத் தெரிந்திருக்கும். வளைகாப்பு வளையலைப் பிரசவம் ஆகிற வரைக்கும் யார் கழற்றுவார்கள்? "புள்ளத்தாச்சின்னா இப்பிடித்தான் பூரிச்சி இருக்கணும்," என்று அம்மா அவளுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள். கஞ்சியும் கருவாடும் அக்காவுக்கு நன்றாக இறங்கியது. வீட்டில் அது ஒன்றுதான் சந்தோஷமான விஷயம்.

பங்குனி வெயில் ஏறியது. அளத்தில் புது உப்பு பூத்துவிட்டது. அந்தக் காலத்தில் உப்பளத்துக்காரர்கள் கண்ணைப் பார்த்திருப்பீர்கள், எப்போதும் சுருக்கிக்கொண்டே இருக்கும். வெள்ளைவெளேர் என்று கண்ணுக்கு எட்டின வரைக்கும் உப்பு, அதன் மேல் வெயில். பங்குனியில் எல்லாருக்குமே கண்ணில் மின்னும், தலை வலிக்கும்.

"தல பொளக்குதும்மா," என்றாள் அக்கா ஒருநாள். "கண்ணு முன்னாடி பூச்சி பூச்சியாப் பறக்குது."

"உப்பப் பாத்துக்கினே உக்காந்திருந்தா பறக்காம இன்னா செய்யும்?" என்றாள் அம்மா. சுக்கு அரைத்து நெற்றியில் பற்றுப் போட்டாள். அப்பா கட்டிலைத் திருப்பி, அளம் தெரியாமல் சுவரைப் பார்க்கிற மாதிரி போட்டுக் கொடுத்தார். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்தாள். மறுநாளும் பூச்சி பறக்கிறது என்று சொன்னாளா என்று எனக்கு ஞாபகம் இல்லை. அந்த வாரம் தொரை ஒரு தடவைகூட இருமவில்லை, எனக்கு அதுதான் ஞாபகம் இருக்கிறது. அப்பா அதை மதகு வரைக்கும் நடத்திக்கொண்டு போய்த் திரும்பி வந்து, "மூச்சு வாங்கல" என்றார். விரலை அழுத்தினால் விலா எலும்பு கையில் சிக்கியது.

அன்றைக்குக் காலையில் அக்கா வாந்தி எடுத்தாள். மேல்வயிற்றில் வலி என்றாள். "வலி வந்துடுச்சிங்க, வண்டியப் பூட்டுங்க," என்று அம்மா கத்தினாள். அப்பா வார் மாட்டினார், நான் குதிரையைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் அம்மாவும் அக்காவும். பாரம் சரிப்பட என்னை முன்னால் தன் பக்கத்தில் உட்கார வைத்தார் அப்பா. வண்டி கிளம்பியது. நான் குதிரையின் முதுகையே பார்த்தேன், அதன் மூச்சையே கேட்டேன். பின்னால் திரும்பவே இல்லை. அப்பாவும் திரும்பவில்லை. மதகு வந்தது. அப்பா சாட்டையை மடியில் வைத்துவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். தொரை காதை ஆட்டிக்கொண்டு, ஒரு செருமல்கூட இல்லாமல் மதகைத் தாண்டியது. சித்தி செத்த இடத்தையும் தாண்டியது.

"அக்கா, தொரை இருமவே இல்லக்கா!" என்று திரும்பினேன்.

அக்காவின் கண் மேலே செருகியிருந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. இரண்டு கையும் விறைத்து இழுக்க, வளையல்கள் வண்டிப் பலகையில் அடித்து உடைந்தன. அம்மா அவள் மேல் விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டு அலறினாள். அப்பா சாட்டையை எடுத்தார். அன்றைக்கு மாதிரி தொரை ஓடி நான் பார்த்ததே இல்லை. பஸ்கூட அப்படி ஓடியிருக்காது.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா புடவையை விலக்கி, அக்காவின் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது.

"இந்த வீக்கம் எப்பத்திலிருந்து இருக்குது?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்தார்.

"தல வலிக்குதுன்னு சொல்லிச்சா? கண்ணு மங்குதுன்னு சொல்லிச்சா? எப்பயிலிருந்து?"

குதிரைக்கு எப்போது இருமல் நின்றது, எத்தனை பிடி புல், எந்தக் கரைப் புல் என்று அவள் கேட்டிருந்தால் மூன்று பேரும் ஒரே குரலில் சொல்லியிருப்போம். ரத்தக் கொதிப்பு ஏறி வந்த வலிப்பு என்று சொல்லி, ஊசி போட்டு, ஒரு ஜீப்பில் அக்காவைப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மா கூடப் போனாள். நானும் அப்பாவும் வாசலில் நின்றோம். வேப்பமரத்தடியில் கூடியிருந்தவர்கள், "பரவால்லியே, அவ்ளோ தூரம் ஓடி வந்தும் குதிரைக்கு மூச்சு வாங்கலியே" என்று தொரையைத் தட்டிக் கொடுத்தார்கள். அப்பா அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு ஊரே பார்க்க அழுதார்.

அக்கா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. வண்டியில் கிடந்த பச்சை வளையல் துண்டு ஒன்றை நான் பென்சில் டப்பாவில் வைத்திருந்தேன். வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டது. தொரை அதன் பிறகு பல வருஷம் இருந்தது, இருமாமலே கிழமாகிச் செத்தது. அப்பா அம்மாவை யாரும் திட்டாதீர்கள். அவர்களுக்குத் தெரிந்த பயம் குதிரை நின்றுவிடும் என்பது. ஒருமுறை பார்த்த பயத்தைத்தான் மனுஷன் மறுபடியும் காவல் காக்கிறான். என் மகளும் மருமகளும் உண்டானபோது ஸ்கேன், மாத்திரை, டாக்டர் எல்லாம் இருந்தது. இருந்தாலும் தினமும் காலையில் நான் அவர்கள் காலைப் பிடித்து அழுத்திப் பார்த்தேன். கிழவிக்குப் பைத்தியம் என்று சிரித்தார்கள்.

போன மாசம் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். பேச்சுவாக்கில் தொரை பேச்சு வந்தது. மதகு தாண்டியும் அது இருமாமல் போனதைச் சொன்னேன்.

"தெரியும்," என்றாள் அக்கா. "நானும் அதையேதான் கேட்டுக்கினு வந்தேன். கண்ணு இருட்டிக்கினு வந்துச்சி, தல வெடிச்சிடும் போல இருந்துச்சி. சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். சொன்னா அப்பா வண்டிய நிறுத்துவாரு. நிறுத்தினா அது மறுபடி கெளம்புமோ கெளம்பாதோன்னு பயமா இருந்துச்சிடி. அதான் பேசாம வந்தேன்."